ஏடிஎம்மில் பணம் இல்லையா? யூபிஐ-யைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

ஏடிஎம் கதவில் ‘பணம் இல்லை’ என்று அட்டை தொங்கும் நாளில்தான் பலருக்கு, போன் வழியாகக் கணக்கிலிருந்து கணக்குக்குப் பணம் அனுப்பும் யூபிஐ ஞாபகம் வருகிறது. கற்றுக்கொள்ள அதைவிட மோசமான நாள் கிடையாது. அவசரத்தில் ஓடிபி வராது, பழைய மொபைல் எண் வங்கியில் இருப்பது அப்போதுதான் தெரியும், பக்கத்தில் நிற்கும் யாரோ ஒருவரிடம் போனைக் கொடுத்து ‘கொஞ்சம் போட்டுக் கொடுங்களேன்’ என்று கேட்க வேண்டி வரும். வேலை இல்லாத ஒரு மதிய நேரத்தில் உட்கார்ந்து இதைச் செய்து முடித்துவிடலாம்.

முதலில், பணத் தட்டுப்பாடு ஏன் வருகிறது என்று ஒரு வார்த்தை. நம் நோட்டுகள் நாசிக், தேவாஸ், மைசூரு, சல்போனி ஆகிய நான்கு இடங்களில் அச்சாகின்றன. ரிசர்வ் வங்கி வழியாக அந்தந்த வட்டாரத்தில் நோட்டுகளைச் சேமித்து வைக்கும் பெட்டகமான கரன்சி செஸ்டுக்கு வந்து, அங்கிருந்து கிளைகளுக்கும், பணம் நிரப்பும் நிறுவனங்களின் வண்டிகளில் ஏடிஎம்களுக்கும் போகின்றன. இதில் எந்த இடத்தில் தடங்கல் வந்தாலும் கடைசியில் காலியாவது நம் தெரு ஏடிஎம்தான். 2016 நவம்பர் 8-ஆம் தேதி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் சுமார் 86 சதவீதம் ஒரே இரவில் செல்லாமல் போனது. புது நோட்டின் அளவு வேறு என்பதால் ஏடிஎம் தட்டுகளையும் மாற்ற வேண்டியிருந்தது. 2018 ஏப்ரலில் தெலங்கானா, ஆந்திரா உட்படப் பல மாநிலங்களில் மறுபடி தட்டுப்பாடு. அப்போது ரிசர்வ் வங்கி சொன்னது: பெட்டகங்களில் போதுமான பணம் இருக்கிறது, ஏடிஎம்மில் கொண்டுபோய் நிரப்புவதில்தான் சிக்கல்.

ஒரு ஏடிஎம் மாதத்தில் மொத்தம் 10 மணி நேரத்துக்கு மேல் பணமில்லாமல் கிடந்தால் வங்கிக்கு 10,000 ரூபாய் அபராதம் என்று 2021 அக்டோபரிலிருந்து விதி இருக்கிறது. அபராதம் வங்கிக்கு, அலைச்சல் என்னவோ நமக்குத்தான். சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: மொபைல் எண்ணைச் சரிபாருங்கள்

யூபிஐ முழுக்க நிற்பது வங்கிக் கணக்கில் பதிவான மொபைல் எண்ணின் மேல்தான். அந்த சிம் நீங்கள் பயன்படுத்தும் போனிலேயே இருக்க வேண்டும். பணம் எடுத்தால் எஸ்எம்எஸ் எந்த எண்ணுக்கு வருகிறது என்று பாருங்கள். எதற்கும் வரவில்லை என்றால் பாஸ்புக்கும் ஆதாரும் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய் எண்ணை மாற்றுங்கள். வீட்டில் பெரியவர்களின் கணக்கில் மகன் அல்லது மகளின் எண் இருப்பது சகஜம். அந்த நிலையில் பெரியவர்களின் போனில் யூபிஐ வேலை செய்யாது.

இன்னொன்று: பதிவின்போது உங்கள் போனிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் தானாகப் போகும். ரீசார்ஜ் முடிந்துபோன சிம்மிலிருந்து அது போகாது. ‘சரிபார்க்க முடியவில்லை’ என்று திரும்பத் திரும்ப வந்தால் செயலியைத் திட்டுவதற்கு முன் ரீசார்ஜைப் பாருங்கள். இரண்டு சிம் உள்ள போனாக இருந்தால், கேட்கும்போது சரியான சிம்மைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

படி 2: எந்தக் கணக்கை இணைப்பது?

இந்த இடத்தில் நிதானமாக யோசியுங்கள். பெரும்பாலானோர் சம்பளமும் சேமிப்பும் கிடக்கிற ஒரே கணக்கை இணைத்துவிடுகிறார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அன்றாடச் செலவுக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வைத்து, அதில் சில ஆயிரம் ரூபாய் மட்டும் போட்டு, அதை யூபிஐ-யுடன் இணையுங்கள். ஏதாவது தப்பு நடந்தால் இழப்பு அந்தச் சில ஆயிரத்தோடு நிற்கும். வேறு வேறு வங்கிகளில் இரண்டு கணக்கு இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு: ஒரு வங்கியின் சர்வர் படுத்தாலும் இன்னொன்று ஓடும். புதுக் கணக்கு தொடங்கும்போது குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதில் வரும் பிடித்தம்தான் பலரை எரிச்சலூட்டுவது.

படி 3: செயலி

பீம், கூகுள் பே, போன்பே, பேடிஎம், உங்கள் வங்கியின் சொந்தச் செயலி, எதுவானாலும் சரி. எல்லாம் ஓடுவது, யூபிஐ-யை நடத்தும் தேசிய நிறுவனமான என்பிசிஐ போட்ட ஒரே தண்டவாளத்தில்தான். ஒன்றில் இருப்பவர் இன்னொன்றில் இருப்பவருக்குத் தாராளமாக அனுப்பலாம். போனின் அதிகாரபூர்வ ஆப் ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தொட வேண்டாம். மொழியில் தமிழைத் தேர்ந்தெடுத்து, எண்ணைச் சரிபார்த்து, வங்கியின் பெயரைத் தொட்டால் உங்கள் கணக்கின் கடைசி நான்கு இலக்கங்கள் திரையில் தெரியும். அவ்வளவுதான்.

படி 4: யூபிஐ பின்

இப்போது ‘பின் அமை’ என்று வரும். டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கங்களையும் அது காலாவதியாகும் மாதம், ஆண்டையும் கேட்கும். கார்டு இல்லாதவர்கள், வங்கி அனுமதித்தால், ஆதார் ஓடிபி வழியாகவும் அமைக்கலாம். பின் நான்கு அல்லது ஆறு இலக்கம். பிறந்த வருடம், வண்டி எண் வேண்டாம்.

புதியவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள், ஏனென்றால் கையில் இப்போது நான்கு ரகசிய எண்கள். போனைத் திறப்பது ஒன்று. செயலியைத் திறப்பது ஒன்று, இது பெரும்பாலும் கைரேகையோ போன் பூட்டோதான். ஏடிஎம் இயந்திரத்தில் போடுவது ஒன்று. பணம் அனுப்பும்போது கடைசியாகப் போடுவதுதான் யூபிஐ பின். ஏடிஎம் பின்னையே யூபிஐ-க்கும் வைத்துவிடாதீர்கள். தப்பாகப் போட்டுக்கொண்டே இருந்தால் அந்தக் கணக்கில் யூபிஐ தற்காலிகமாக முடங்கும்.

பதிவு செய்த முதல் 24 மணி நேரத்தில் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. அதன் பிறகு பொதுவான வரம்பு நாளொன்றுக்கு ஒரு லட்சம். மருத்துவமனை, கல்விக் கட்டணம், வரி போன்றவற்றுக்கு 5 லட்சம் வரை உயர்த்தியிருக்கிறார்கள். ஆகவே நாளைக்கு ஆஸ்பத்திரியில் பெரிய தொகை கட்ட வேண்டும் என்பவர் இன்று இரவு செயலியை இறக்கினால் போதாது.

படி 5: முதல் பரிவர்த்தனை, ஒரு ரூபாய்

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். அப்புறம் அவரை உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். இரண்டையும் செய்தால்தான் ஒரு முக்கியமான விஷயம் மனதில் பதியும்: அனுப்பும்போது பின் கேட்டது, வாங்கும்போது எதுவுமே கேட்கவில்லை.

இந்த ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாலே பாதி மோசடிகளிலிருந்து தப்பிவிடலாம். ‘உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, பின் போட்டால் பணம் ஏறும்’, ‘பழைய சோபாவை நான் வாங்கிக்கொள்கிறேன், இந்தக் கியூஆரை ஸ்கேன் செய்யுங்கள், பணம் வரும்’ என்றெல்லாம் சொல்வார்கள். பின் போடுவது பணம் அனுப்பவும் இருப்பைப் பார்க்கவும், செயலிக்குள் நீங்களாகத் தொடங்கிய சில வேலைகளுக்கும்தான். பணம் வாங்கப் பின் தேவையே இல்லை. தனி நபர்கள் ஒருவருக்கொருவர் ‘பணம் கேட்டு’ அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் முதல் நிறுத்தும்படி என்பிசிஐ சொன்னதற்கும் இந்த மோசடிதான் காரணம். ஆனால் கியூஆர் வழி ஏமாற்றுவது இன்னும் இருக்கிறது.

கடையில் ஸ்கேன் செய்ததும் தொகையைப் போடுவதற்கு முன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். கடைப் பெயரும் அதுவும் ஒத்துப்போகாவிட்டால் தயங்காமல் கேளுங்கள். பல நேரம் உரிமையாளரின் பெயராக இருக்கும், சில நேரம் யாரோ ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கராக இருக்கும்.

செயலியின் வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடாதீர்கள். தேடினால் முதலில் கண்ணில் படுவது மோசடிக்காரர் போட்டு வைத்த எண்ணாக இருக்கலாம். உதவி வேண்டுமானால் செயலிக்குள்ளேயே இருக்கும் பகுதிக்குப் போங்கள். ‘உங்கள் திரையை நான் பார்க்கிறேன், இந்தச் செயலியைப் போடுங்கள்’ என்று யார் சொன்னாலும் அழைப்பைத் துண்டியுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். பணம் கைமாறுவதற்குள் அந்தக் கணக்கை முடக்க வேண்டும் என்பதால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

படி 6: பணம் கழிந்தது, கடைக்காரருக்குப் போகவில்லை

எல்லோருக்கும் ஒரு நாள் இது நடக்கும். முதல் வேலை, உடனே மறுபடி அனுப்பாமல் இருப்பது. ‘நிலுவையில்’ என்று காட்டினால் சற்று நேரம் பொறுங்கள். பல முறை தானாகவே சரியாகும். பரிவர்த்தனையைத் திறந்தால் உள்ளே 12 இலக்கக் குறிப்பு எண் ஒன்று இருக்கும். புகார் கொடுக்க அதுதான் ஆதாரம், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் இதற்குக் காலக்கெடு வைத்தது. தனி நபருக்கு அனுப்பியது போய்ச் சேரவில்லை என்றால், பரிவர்த்தனை நடந்த மறுநாளுக்குள் பணம் திரும்ப வேண்டும். கடைக்குக் கட்டியது என்றால் ஐந்து நாள். ஏடிஎம்மில் கணக்கில் கழிந்து நோட்டு வெளியே வராத கதைக்கும் ஐந்து நாள்தான். அதைத் தாண்டினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. நாம் கேட்காமலே தர வேண்டும் என்பதுதான் விதி. வராவிட்டால் கேளுங்கள்.

புகாரை முதலில் செயலியிலும், பிறகு வங்கியிலும் எழுத்தாகக் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியாக இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஆனால் தப்பான எண்ணுக்கு நீங்களே அனுப்பிய பணத்துக்கு இந்தக் காலக்கெடு பொருந்தாது. வங்கி அந்தக் கணக்குக்காரரிடம் கேட்கும், அவர் சம்மதித்தால்தான் திரும்பும்.

படி 7: வங்கி சர்வர் திணறும்போது, நெட் இல்லாதபோது

யூபிஐ லைட்டை இயக்கி வையுங்கள். கணக்கிலிருந்து ஒரு சிறு தொகையை, அதிகபட்சம் 5,000 ரூபாய், போனிலேயே ஒதுக்கி வைப்பது இது. 1,000 ரூபாய் வரையிலான செலவுக்கு யூபிஐ பின் கேட்காது. ஒவ்வொரு முறையும் வங்கியின் சர்வரைத் தட்டாததால் மாத முதல் வாரத்திலும் சட்டென்று போகும். பின் கேட்காது என்பதே அதன் ஆபத்தும்கூட, போனுக்குப் பூட்டு போடாதவர்கள் ஐந்நூறோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இணையமே இல்லை, அல்லது பட்டன் போன்தான் இருக்கிறது என்றால் *99# என்று அழையுங்கள். மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும், தமிழும் உண்டு. எண்களை அழுத்திக்கொண்டே போனால் 5,000 ரூபாய் வரை அனுப்பலாம், இருப்பும் பார்க்கலாம். திரை கொஞ்சம் பொறுமையைச் சோதிக்கும், பாதியில் அறுந்தும் போகும். ஆனால் டவர் இருந்தால் போதும், டேட்டா வேண்டாம்.

படி 8: நோட்டாகவே வேண்டும் என்றால்

ஏடிஎம் காலி என்றால் வேறு வாசல்களும் இருக்கின்றன. வங்கி சார்பில் ஊரில் பணம் கொடுத்து வாங்கும் வணிக முகவரிடம் கைரேகை வைத்து ஆதார் மூலம் பணம் எடுக்கலாம். இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி வழியாகத் தபால்காரரும் இதைச் செய்கிறார். எந்த வங்கிக் கணக்காக இருந்தாலும் ஆதார் இணைந்திருந்தால் போதும். ரசீதில் இருக்கும் தொகையும் கைக்கு வந்த தொகையும் ஒன்றா என்று அங்கேயே பாருங்கள். கார்டு மறந்து வந்த நாளில் சில ஏடிஎம்களில் திரையில் வரும் கியூஆரை ஸ்கேன் செய்தும் எடுக்க முடியும். அடுத்த வங்கி ஏடிஎம்மில் மாதத்துக்குப் பெருநகரங்களில் 3 முறையும் மற்ற ஊர்களில் 5 முறையும் இலவசம். அதற்கு மேல் ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாயும் வரியும் வரை பிடிப்பார்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் வீட்டில் கொஞ்சம் நோட்டு இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும், 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் டெல்டாவிலும் மின்சாரம் இல்லை, டவர் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. அந்த நாட்களில் எந்தச் செயலியும் உதவாது. ஒரு வாரச் செலவுக்கு, 100, 50, 10 ரூபாய்த் தாள்களாக, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். அதற்காகப் பெருந்தொகையைப் பீரோவில் அடுக்கவும் வேண்டாம். 2016-இல் அப்படி அடுக்கியவர்கள் பட்ட பாடு தெரிந்ததே.

அந்தப் பணத்தோடு ஒரு காகிதமும் இருக்கட்டும். உங்கள் வங்கிகளின் உதவி எண்கள், சிம் நிறுவனத்தின் எண், 1930, மூன்றையும் பேனாவால் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் முதலில் சிம்மை முடக்கி, அடுத்து வங்கியில் யூபிஐ-யையும் கார்டையும் நிறுத்தச் சொல்ல வேண்டும். இந்த எண்களைப் போனுக்குள் மட்டும் சேமித்து வைத்திருப்பவர், அதே போனைத் தொலைத்த அன்று யாரை அழைப்பது என்று தெரியாமல் நிற்பார்.