பின்தொடை இறுக்கமும் கீழ்முதுகு வலியும்: முதுகை வளைக்காமல் தசையைத் தளர்த்தும் முறை

பின்தொடைத் தசைகள் இடுப்பெலும்பின் அடியில், உட்காரும்போது இருக்கையில் அழுந்தும் எலும்பு முனையில் தொடங்கி, முழங்காலைக் கடந்து கீழ்க்கால் எலும்புகளில் முடிகின்றன. இவை இறுகியிருந்தால், குனியும்போது இடுப்பெலும்பு போதிய அளவு முன்னோக்கிச் சாயாமல் தடைபடலாம். அந்தக் குறையைக் கீழ்முதுகு கூடுதலாக வளைந்து ஈடுகட்டுகிறது. ஆகவே, நின்றபடி குனிந்து கால்விரலைத் தொடும் பயிற்சியை முதுகு வலி உள்ளவர்கள் தொடக்கத்தில் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. குறிப்பாக, முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் வட்டுகள் நீரேறிப் பருத்திருக்கும் காலை வேளையில், எழுந்தவுடன் அதைச் செய்யவே கூடாது.

முதலில், இறுக்கம் தசையினுடையதுதானா என்று பாருங்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலை மெதுவாக உயர்த்துங்கள். தொடையின் நடுப்பகுதியில் மட்டும் இழுப்பு தெரிந்தால், அது பெரும்பாலும் தசையின் இறுக்கமே. பாதத்தை உங்கள் பக்கம் மடக்கியதும் மின்னல் வெட்டினாற்போல வலியோ மரமரப்போ கெண்டைக்காலைத் தாண்டி இறங்கினால், கீழ்முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் சியாட்டிக் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்ட வேண்டும். நரம்பை வலிந்து இழுப்பது வலியைக் கூட்டவே செய்யும். இரு தொடைகளுக்கு இடையே மரத்துப்போதல், சிறுநீரையோ மலத்தையோ கட்டுப்படுத்த முடியாமை, காலில் வலுக்குறைவு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

தசையைத் தளர்த்துவதற்குக் கதவு நிலையே போதும். நிலையருகே மல்லாந்து படுத்து, ஒரு காலை வாசலின் ஊடாக நீட்டி, மற்றதன் குதிகாலை நிலைச்சட்டத்தின் மீது சாய்த்து வையுங்கள். இடுப்பு தரையை விட்டு எழும்பினால் சற்றுப் பின்னால் நகருங்கள். முழங்கால் சிறிது மடங்கியிருப்பதில் தவறில்லை. வலியாக மாறாத இழுப்பில், இயல்பாக மூச்சுவிட்டபடி 30 விநாடிகள் இருந்து, ஒவ்வொரு காலுக்கும் இரண்டு அல்லது மூன்று முறை, வாரத்தில் பெரும்பாலான நாட்களில் செய்யுங்கள். துள்ளி இழுக்க வேண்டாம்.

நீட்டுவதோடு நிறுத்திவிடுவதுதான் பலரிடமும் காணப்படும் குறை. வலுவிழந்த தசையும் இறுகியதுபோலவே உணரப்படலாம் என்பதால், மல்லாந்து முழங்கால்களை மடக்கிப் படுத்து, இடுப்பை மெதுவாக உயர்த்தி இறக்கும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தலை, மேல்முதுகு, பிட்டம் ஆகிய மூன்றிலும் ஒரு நீள்கோல் படும்படி முதுகின்மேல் பிடித்து, கோல் விலகாமல் இடுப்பிலிருந்து குனியப் பழகினால், அன்றாட வேலைகளில் கீழ்முதுகின் சுமை குறையும்.

முதல் சில வாரங்களில் கால் கூடுதலாக உயர்வது, பெரும்பாலும் இழுப்பைத் தாங்கும் திறன் கூடியதால்தான். தசை நீண்டுவிட்டதாக எண்ணி விசையைக் கூட்டாதீர்கள். மறுநாள் முதுகு வலி கூடியிருந்தால், காலின் உயரத்தைக் குறைத்துத் தொடருங்கள். அப்போதும் தணியாவிட்டால் இயன்முறை மருத்துவரை அணுகுங்கள்.