கிளஸ்டர் தலைவலிக்கு நிறக் கண்ணாடி: வாங்குவதும் சோதிப்பதும்

கிளஸ்டர் தலைவலி என்று மருத்துவர் உறுதியாகச் சொன்னவர்களுக்காக எழுதுகிறேன். ஒரு பக்கக் கண்ணைக் குடையும் வலி, நீர் வடிதல், மூக்கடைப்பு, ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். இன்னும் யாரிடமும் காட்டாதவர்கள் முதலில் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். கண் சிவந்து வலிப்பதோடு விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிந்தாலோ, பார்வை மங்கினாலோ, அது கண் அழுத்தம் திடீரென ஏறியதாக இருக்கலாம். அதற்கு அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நிறக் கண்ணாடியிடம் என்ன எதிர்பார்க்கலாம்? எனக்கு அட்டாக்கின் எண்ணிக்கை குறையவில்லை. வெளிச்சம் குத்துவது நன்றாகவே குறைந்தது. சீசன், அதாவது அட்டாக்குகள் தொடர்ந்து வரும் காலம், நடக்கும் வாரங்களில் டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்க்க முடிகிறது. அதற்கு மேல் யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள்.

இதற்கு அடிப்படை ஒற்றைத் தலைவலி பற்றிய ஆய்வுகள்தான். இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஒற்றைத் தலைவலி உள்ள குழந்தைகளுக்கு எஃப்.எல்-41 என்ற ரோஜா நிற லென்ஸைக் கொடுத்துப் பார்த்து, 1991-ல் முடிவை வெளியிட்டார்கள். மாதத்துக்கு சராசரியாக 6.2 முறை வந்த வலி 1.6 ஆகக் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவுக்கு நீல நிற லென்ஸ் கொடுத்திருந்தார்கள். முதல் மாதத்தில் அவர்களுக்கும் குறைந்தது! நான்கு மாதம் வரை நீடித்தது ரோஜா நிறக் குழுவுக்கு மட்டும்தான். இந்த விவரத்தை நினைவில் வையுங்கள், கீழே வேலைக்கு ஆகும்.

கிளஸ்டர்காரர்களுக்கு இதில் ஆசை வரக் காரணம் உண்டு. விழித்திரையில் சில செல்கள் உருவத்தைக் காட்டுவதைவிட, எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்வதையே முக்கிய வேலையாகச் செய்கின்றன. அவற்றில் உள்ள மெலனாப்சின் என்ற நிறமி, 480 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே இருக்கும் நீலப்பச்சை ஒளிக்குத்தான் அதிகம் கிளர்கிறது. அந்தச் செல்களின் இழைகள் மூளையின் ஹைபோதாலமஸ் என்ற பகுதிக்கும் போகின்றன, உடம்பின் கடிகாரம் இருக்கும் இடம் அது. கிளஸ்டர் அட்டாக்கின்போது அதே ஹைபோதாலமஸின் பின்பகுதி முடுக்கிவிடப்படுவதை 1998-ல், மூளையின் செயல்பாட்டைப் படமெடுக்கும் பெட் (PET) ஸ்கேனில் பார்த்தார்கள். இரண்டையும் முடிச்சுப் போட்டால் கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் முடிச்சு வேறு, நிரூபணம் வேறு.

படி 1: ஏற்கெனவே இருப்பதில் கை வைக்காதீர்கள்

அட்டாக் வராமல் தடுக்கக் கொடுக்கும் வெரபமில் சாப்பிடுகிறவர்கள் கண்ணாடியை நம்பி மாத்திரையை நிறுத்த வேண்டாம். மாத்திரையே வேண்டாம் என்று நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது ஆக்ஸிஜனைப் பற்றி. 2009-ல் வந்த ஆய்வில், நிமிடத்துக்கு 12 லிட்டர் வீதம் முகமூடி வழியாக 15 நிமிடம் சுவாசித்தபோது, 78 சதவீத அட்டாக்குகளில் வலி நின்றது அல்லது போதுமான அளவு குறைந்தது. வெறும் காற்றைச் சுவாசித்தபோது 20 சதவீதம்தான். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் சிலிண்டரை வாடகைக்கு எடுக்கலாம். பையோடு இருக்கும் முகமூடியாகக் கேட்டு வாங்குங்கள், மூக்கில் செருகும் மெல்லிய குழாய் போதாது. வீட்டில் யாரும் பக்கத்தில் சிகரெட் பற்ற வைக்கக் கூடாது, சாமி விளக்கும் தள்ளியே இருக்கட்டும்.

படி 2: லென்ஸ் வாங்குவது

இங்கேதான் பலரும் சிக்குகிறார்கள். கடையில் போய் "வெளிச்சம் கண்ணைக் கூசுது" என்றால் உடனே ப்ளூ கட் லென்ஸை எடுத்து வைப்பார்கள். கையில் ஒரு நீல லேசர் டார்ச்சையும் வைத்துக்கொண்டு, ஒளி லென்ஸில் நின்றுவிடுவதைக் காட்டுவார்கள். அந்த டார்ச்சின் ஒளி வழக்கமாக 405 நானோமீட்டர் அருகே இருக்கும் ஊதா. நிறமில்லாத ப்ளூ கட் லென்ஸ் பெரும்பாலும் 420 வரைதான் நன்றாகத் தடுக்கும். நமக்குத் தடுக்க வேண்டியது 480 நானோமீட்டர் அருகே இருக்கும் ஒளி. டார்ச் சோதனையில் அமோகமாகத் தேறும் லென்ஸ் நமக்கு உதவவே உதவாமல் போகலாம்.

அதனால் அந்த நீலப்பச்சையை மங்கவைக்கும் எஃப்.எல்-41 என்றே கேளுங்கள். தெராஸ்பெக்ஸ், ஆக்ஸன் ஆப்டிக்ஸ் என்று அமெரிக்காவில் இதற்கென்றே விற்கும் நிறுவனங்கள் உண்டு. அங்கிருந்து வரவழைத்தால் சுங்க வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். உள்ளூரில் டின்ட் போட்டுத் தருகிற கடை இருந்தால் இன்னும் நல்லது. சி.ஆர்-39 பிளாஸ்டிக் லென்ஸ் சாயத்தை நன்றாகப் பிடிக்கும், பாலிகார்பனேட் அப்படிப் பிடிக்காது. கூலிங் கிளாஸ் போலக் கறுப்பாகக் கேட்காதீர்கள். வீட்டுக்குள் போட லேசான டின்ட் போதும். என் விருப்பம், கண்ணோரத்தை மூடும் அகலமான ஃபிரேம். பக்கவாட்டில் வெளிச்சம் வந்தால் எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸும் வீண். நெற்றிப் பொட்டை அழுத்தும் ஃபிரேமையும் தவிருங்கள், சீசனில் அந்த இடத்தைத் தொடவே முடியாது.

படி 3: பழைய சி.டி. ஒன்றை எடுங்கள்

ரோஜா நிறமாக இருப்பதெல்லாம் எஃப்.எல்-41 ஆகாது. ஒரே மாதிரித் தெரியும் இரண்டு சாயங்கள் வேறு வேறு அலைநீளங்களை விழுங்கலாம். கடைக்காரரிடம் அளவுக் கருவி இருந்தால் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் வீட்டிலேயே ஓரளவுக்குப் பார்த்துவிடலாம்.

ஒரு பழைய சி.எஃப்.எல். பல்பு தேவை. எல்.இ.டி. வேண்டாம். வெள்ளை எல்.இ.டி.யில் 480 அருகே இயல்பாகவே ஒரு பள்ளம் இருக்கும், லென்ஸ் வெட்டியதா, பல்பே தரவில்லையா என்று குழம்பிப் போவோம். வெயிலில் செய்யவே கூடாது, கண்ணுக்கு ஆபத்து.

அறையை இருட்டாக்கி, பல்பு மட்டும் எரியட்டும். சி.டி.யின் பளபளப்பான பக்கத்தை மெல்லச் சாய்த்துக்கொண்டே வாருங்கள். பல்பின் பிம்பம் தனித்தனி நிறங்களாகப் பிரிந்து தெரியும்: நீலம், அதை அடுத்து மங்கலான நீலப்பச்சை, பளிச்சென்ற பச்சை, பிறகு ஆரஞ்சும் சிவப்பும். அந்த நீலப்பச்சைக் கீற்று 487 நானோமீட்டர் அருகே வருவது. நமக்கு அதுதான் வேண்டும். இப்போது லென்ஸைக் கண்ணுக்கு முன்னால் வைத்து எடுங்கள், வைத்து எடுங்கள். சிவப்பு ஏறக்குறைய அப்படியே நிற்க, நீலப்பச்சை நன்றாக மங்கினால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். எல்லா நிறமும் ஒரே அளவில் மங்கினால் உங்கள் கையில் இருப்பது சாதாரணக் கூலிங் கிளாஸ். எதுவுமே மாறவில்லை என்றால் லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். நீலப்பச்சை முதலில் கண்ணில் படாது. நீலத்தோடு ஒட்டிக்கொண்டு இருக்கும், சி.டி.யை முகத்துக்கு அருகே கொண்டுவந்தால் பிரியும்.

இது அளவீடு இல்லை, வடிகட்டல்தான். ஆனால் மோசமான லென்ஸைக் கழித்துக் கட்ட இது போதும்.

படி 4: போடுவது

சீசன் தொடங்கிய உடனே போட ஆரம்பியுங்கள். பகலில் டியூப்லைட், கணினி, கடைத்தெரு போன்ற இடங்களில் போடுங்கள். தூங்கும்போது வரும் அட்டாக்கைத் தடுக்க இதனால் ஆகாது. வீட்டுக்குள் நாள் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி போட்டால் கண் இருட்டுக்குப் பழகி, கழற்றியதும் இன்னும் அதிகமாகக் கூசும், அதையும் தவிருங்கள். இரவில் வண்டி ஓட்டும்போது எந்த நிறக் கண்ணாடியும் வேண்டாம். பகலிலும் முதலில் நடந்து போய், சிக்னலின் பச்சை தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

படி 5: பலித்ததா என்று பார்ப்பது

கிளஸ்டரில் ஏமாறுவது மிகச் சுலபம், ஏனென்றால் சீசன் தானாகவே முடிந்துவிடும். பலருக்கு சில வாரங்கள், சிலருக்கு இரண்டு மூன்று மாதம். கடைசி வாரத்தில் கண்ணாடி வாங்கினால் கண்ணாடிதான் குணப்படுத்தியது என்று சத்தியம் செய்வோம். பர்மிங்காமில் நீலக் கண்ணாடி போட்ட குழந்தைகளுக்கும் முதல் மாதம் குறைந்ததே, அதை மறக்க வேண்டாம்.

அதனால் அதே அளவு இருட்டான சாம்பல் நிற டின்ட் கண்ணாடி ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் இது, மறுநாள் அது. இரண்டும் ஒரே உதவியைச் செய்தால் உங்களுக்குத் தேவைப்பட்டது வெறும் நிழல்தான், எஃப்.எல்-41-க்கு மேலும் செலவு செய்ய வேண்டாம்.

குறிப்பெழுத ஆப் வேண்டாம், நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். அட்டாக்கின்போது போன் திரையைப் பார்ப்பது கொடுமை. தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வலிக்குப் பத்துக்கு எத்தனை, வெளிச்சக் கூச்சத்துக்குப் பத்துக்கு எத்தனை, அன்று எந்தக் கண்ணாடி, ஆக்ஸிஜன் எடுத்ததா, மது குடித்ததா. வலியையும் கூச்சத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். ஒரே எண்ணாக எழுதினால் கண்ணாடி எதைத் தொட்டது என்று கடைசிவரை தெரியாது.

பின்சேர்க்கை: முகமூடி போட்டதும் கண்ணாடியில் ஆவி படிகிறது என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். முகமூடியின் மேல் விளிம்பில் இருக்கும் உலோகப் பட்டையை மூக்கோடு அழுத்தினால் ஆவி குறையும், ஆக்ஸிஜனும் வீணாகாது. அப்படியும் சரிவரவில்லை என்றால் அந்த 15 நிமிடம் விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வையுங்கள். ஆக்ஸிஜன்தான் முக்கியம்.

இன்னொரு பின்சேர்க்கை: சாயங்காலம் ஆரஞ்சு நிறக் கண்ணாடி போட்டால் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் கூடி அட்டாக் குறையுமா என்று ஒருவர் கேட்டார். சீசனில் கிளஸ்டர் நோயாளிகளின் இரவு மெலடோனின் அளவு குறைந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். மாலையில் நீல ஒளியைத் தடுத்தால் மெலடோனின் அடங்குவது குறையும் என்பதும் உண்மை. அதனால் கிளஸ்டர் குறையும் என்பது மட்டும் ஊகம். போட்டுப் பார்க்க விரும்பினால் எஃப்.எல்-41 சோதனை முடிந்த பிறகு, தனியாகச் செய்யுங்கள். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால் நோட்டில் எழுதியதெல்லாம் குழம்பிவிடும்.