ரெசுமேயை அனுப்பும் முன் நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள்

ரெசுமேயின் பிடிஎஃப்பைத் திறந்து, முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். வரிசை கலையாமல் வாசிக்க வந்தால் சரி, அனுப்பலாம். கலைந்திருந்தால் வேர்டில் மேலிருந்து கீழாக ஒரே ஓட்டமாக அடித்து மறுபடி பிடிஎஃப் ஆக்குங்கள்.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இருக்கும் பெரிய நிறுவனங்களுக்கு இணையம் வழியாகத்தான் விண்ணப்பிக்கிறோம். அங்கே ரெசுமேயிலிருந்து விவரங்களைப் பிரித்தெடுப்பது பல நேரங்களில் மென்பொருள்தான். அதற்குத் தேவை எழுத்து, அலங்காரம் அல்ல. கேன்வா என்ற டிசைன் செயலியில் இடமும் வலமுமாகப் பிரித்துச் செய்ததில், இடப்பக்கத்துத் திறன் பட்டியலின் ‘பைத்தான், எஸ்கியூஎல்’ வலப்பக்கத்து இன்டர்ன்ஷிப் தேதியோடு ஒட்டிக்கொண்டு வரலாம். எழுத்தே வரவில்லையா? உங்கள் ரெசுமே வெறும் படமாக இருக்கலாம். கஷ்டப்பட்டுப் படித்த பிள்ளைகள் இப்படி ஒரு காரணத்தால் பின்தங்கவே கூடாது.

வேலைவாய்ப்புக் கண்காட்சியில் கையில் கொடுப்பதற்கும், ஜார்ஜ்டவுனில் சின்ன கம்பெனி வைத்திருக்கும் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கும் இது தேவையில்லை. அங்கே படிப்பது மனிதர். டிசைன் வேலைக்கு அழகும் முக்கியம், ஆனால் அதை உங்கள் வேலைகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவில் காட்டுங்கள்.