தூசியைத் துடைக்காதீர்கள், கழுவுங்கள்: காரை நாமே கழுவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராத்திரி பார்க்கிங்கில் இறங்கி, உங்கள் காரின் பானட் மேல் செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். வெளிச்சம் விழும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் மெல்லிய கோடுகள் தெரியும். டார்ச்சை நகர்த்தினால் வலையும் கூடவே நகரும். உண்மையில் அந்தக் கீறல்கள் வட்டமாக இல்லை. எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்காகக் கிடப்பவை மட்டும் மின்னுவதால் நம் கண்ணுக்கு வட்டமாகத் தெரிகிறது. கார்க்காரர்கள் இதை ஸ்வர்ல் மார்க் என்பார்கள்.

என் கார் கருநீலம். வாங்கி ஒன்றரை வருடத்தில் அதன் பானட் முழுக்க இந்த வலைதான். யாரும் சாவியால் கீறவில்லை, எதிலும் உரசவில்லை. அத்தனையும் சுத்தம் செய்யப் போய் விழுந்த கீறல்கள். அதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து கார் கழுவுவதைப் பற்றி நான் நினைத்திருந்த எல்லாமே மாறிவிட்டது.

காரின் தகட்டின் மேல் முதலில் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன் மேல் பிரைமர், பிறகு நிறம், கடைசியாக நிறமே இல்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான்தான். நாம் பிரின்ட் எடுக்கும் ஏ4 தாளின் பருமனும் ஏறக்குறைய 100 மைக்ரான். அதில் கிளியர் கோட்டின் பங்கு 40, 50 மைக்ரான். அதாவது, அந்தப் பளபளப்பு முழுக்க அரைத் தாள் கனத்தில் இருக்கிறது. வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதும் அந்த அரைத் தாள்தான். நம் தெருத் தூசியிலோ பொடிமணல் இருக்கிறது. கண்ணாடியையே கீறக்கூடிய குவார்ட்ஸ் துகள் அது. அதன் மேல் துணியை வைத்து இழுத்தால் துணி உப்புத்தாளாகிவிடும். துணி எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் இதுதான் கதை.

பெயின்டில் கீறல் போடுவது சோப்போ தண்ணீரோ அல்ல, தூசியோடு சேர்த்து நாம் கொடுக்கும் தேய்ப்பு. இதைப் பிடித்துக்கொண்டால் பாதித் தவறுகள் தானாகவே விலகிவிடும்.

தினமும் துடைப்பது

எங்கள் கோயம்புத்தூர் அபார்ட்மென்ட்டில் காலை ஐந்தரைக்கு ஒரு அண்ணன் கார் துடைக்க வருவார். ஒரு வாளித் தண்ணீர், இரண்டு துணி, பதினைந்து கார். நாலாவது காருக்கு வரும்போதே வாளித் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்திருக்கும். முதல் மூன்று கார்களின் மண் அந்தத் துணியில் ஏறி நாலாவது காரில் இறங்கும். அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஒரு காருக்கு அவருக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். அதில் வேறு எப்படியும் செய்ய முடியாது.

ஒருநாள் அவரிடம் கேட்டேன். “அண்ணா, இனிமே என் வண்டியில கண்ணாடி மட்டும் தொடச்சு விட்ருங்க. பெயின்ட் பக்கம் துணியே படவேண்டாம். காசு அதே காசுதானுங்க.”

அவருக்குச் சங்கடமாகிவிட்டது. “வண்டி தூசியா நின்னா நான் வேலை செய்யலைன்னு நாலு பேரு நெனப்பாங்களே சார்.”

அவர் கவலை நியாயம்தான். ஆனால் பெயின்ட் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் காய்ந்த தூசி எதையும் கெடுப்பதில்லை. வாரம் முழுக்க இருந்தாலும் பாதகமில்லை. கையால் தள்ளும்போதுதான் கீறல் விழுகிறது. சிக்னலில் விற்கும் மஞ்சள் துணி, காரில் எல்லோரும் வைத்திருக்கும் குஞ்சம் வைத்த டஸ்டர், பழைய பனியன் எல்லாமே இந்த வகையில் ஒன்றுதான். லேசான தூறல் விட்ட பிறகு ஈரத்தோடு ஈரமாகத் துடைத்து எடுப்பதும் அப்படியே. மழைத்துளி தூசியைக் குழைத்து வைத்திருக்கும், நாம் அதைப் பானட் முழுக்கப் பூசி எடுப்போம்.

கழுவும் நாளில்

பலர் நேராகச் சோப்பு நுரையோடு ஸ்பான்ஜை எடுத்துத் தேய்க்கத் தொடங்குகிறார்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது தண்ணீர் ஊற்றுவது. ஒரு மக் ஊற்றிவிட்டு அவசரப்படக் கூடாது. கூரையிலிருந்து தொடங்கி, மண் தானாக வழிந்து இறங்கும் வரை ஊற்ற வேண்டும். ஹோஸ் போட வசதியில்லாத அபார்ட்மென்ட்காரர்கள் செடிக்கு மருந்தடிக்கும் 2 லிட்டர் கைப் பம்ப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதில் கார் ஷாம்பூ கலந்து வண்டி முழுக்க அடித்து, மூன்று நான்கு நிமிடம் ஊறவிட்டு, காய்வதற்கு முன் தண்ணீர் ஊற்றினால் போதும், துணி படாமலேயே பெரும்பாலான மண் இறங்கிவிடும். காரில் கை வைப்பது அதற்கு அப்புறம்தான்.

கை வைக்கும்போது இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் ஷாம்பூத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஒரு கதவைக் கழுவியதும் கையுறையை முதலில் வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டு, பிறகே ஷாம்பூவில் முக்க வேண்டும். முதல் தடவை இப்படிச் செய்தபோது, வேலை முடிந்ததும் அந்த வெறும் தண்ணீர் வாளியைக் கொஞ்ச நேரம் அசைக்காமல் வைத்திருந்து, மெல்லச் சாய்த்துப் பார்த்தேன். அடியில் ஒரு டேபிள்ஸ்பூன் அளவு மணல். வெள்ளையும் கறுப்புமாய், விரலில் நசுக்கினால் நறநறவென்றது. ஒன்றரை வருடமாக ஒவ்வொரு தடவையும் இவ்வளவு மணலையும் திரும்பத் திரும்பப் பானட்டில் தேய்த்திருக்கிறேன் என்று தெரிந்தபோது மனசு கனத்துப்போனது.

கையுறை என்றது மைக்ரோஃபைபர் இழைகள் தொங்கும் வாஷ் மிட். இழைகளுக்கு இடையே மண் உள்வாங்கிக்கொள்ளும். தட்டையான ஸ்பான்ஜில் மண்ணுக்குப் போக இடமில்லை, பெயின்டுக்கும் ஸ்பான்ஜுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு உருளும். அழுத்தவே வேண்டாம், கையின் எடையே போதும். வட்டமாகத் தேய்க்காமல் நேர்கோட்டில் போங்கள். மேலிருந்து கீழே. கதவின் அடிப்பகுதியும் பின்பக்க பம்பரும் கடைசியில். சக்கரம் தெறிக்கும் மண் முழுக்க அங்கேதான் இருக்கும்.

சக்கரத்துக்குத் தனித் துணி, முடிந்தால் தனி வாளி. பிரேக் பிடிக்கும்போது உதிரும் இரும்புத்தூள் அங்கே ஒட்டியிருக்கும். சக்கரம் துடைத்த துணி கதவுப் பக்கம் போகவே கூடாது. ஒரு வாட்டர் வாஷ் கடையில் கதவின் அடி விளிம்பைத் துடைத்த அதே துணியை ஒரு உதறு உதறிவிட்டு ஒருவர் என் பானட்டுக்குப் போனதை நானே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அப்போது எனக்கு விஷயம் தெரியாது.

பாத்திரம் கழுவும் லிக்விட் எண்ணெய்ப் பசையை எடுக்கவே செய்யப்பட்டது. பெயின்டைக் காக்க ஏற்கெனவே பூசிய வாக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும். துணி துவைக்கும் தூள் காரம் அதிகமானது, கரையாத துகளும் கிடக்கும். கார் ஷாம்பூ வழுக்கிக்கொண்டு போவதற்காகச் செய்யப்பட்டது, அந்த வழுக்கல்தான் முக்கியம். ஒரு பாட்டில் மாதக்கணக்கில் வரும்.

பிரஷர் வாஷர் வைத்திருப்பவர்கள் ஒரு அடிக்குக் கிட்டே போகாதீர்கள். விசிறிபோல் விரியும் நாசில் போடுங்கள். ஊசிபோல் அடிக்கும் நாசில், கல் பட்டுப் பெயர்ந்த இடத்தில் பெயின்டை உரித்துவிடும்.

தண்ணீரும் ஒரு தவறுதான்

நம் ஊர்களில் வண்டி கழுவுவது பெரும்பாலும் போர் தண்ணீரில். உப்புத் தண்ணீர் என்றுதான் சொல்கிறோம். அதில் இருப்பது பெரும்பாலும் கால்சியம், மக்னீசிய உப்புகள். துளி காய்ந்தால் தண்ணீர் போய்விடும், உப்பு அங்கேயே தங்கும். குழாயிலும் பாத்ரூம் ஓட்டிலும் படியும் அதே வெள்ளைக் கறை. வெயிலில் சுடும் பானட்டில் இது இன்னும் வேகமாக நடக்கிறது. ஆகவே காலை ஏழு மணிக்குள் அல்லது மாலை வெயில் தாழ்ந்த பிறகு, நிழலில் கழுவுங்கள். பானட்டைத் தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். தானாகக் காயட்டும் என்று விடாதீர்கள், கனமான மைக்ரோஃபைபர் டவலை விரித்து, ஒற்றி, மெல்ல இழுத்து எடுங்கள்.

இங்கே நல்ல மனசோடு செய்யும் ஒரு தவறு உண்டு. ஆர்ஓ மெஷின் வெளியேற்றும் தண்ணீரை வீணாக்க வேண்டாமே என்று பிடித்து வைத்து, காருக்கு ஊற்றுகிறார்கள். வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்திருப்பதே அந்தத் தண்ணீரில்தான். வாசல் தெளிக்க, கக்கூஸ் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். காருக்கு வேண்டாம். மாறாக, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவது அது, உப்பு ஏறக்குறைய இருக்காது. கோடைக்காலத்தில் ஒரு ராத்திரியில் பல லிட்டர் சேரும். துணியில் வடிகட்டி, கடைசி அலசலுக்கு அதை ஊற்றிப் பாருங்கள். கறுப்புக் காரில்கூடத் துளித் தடம் தெரியாது.

ஏற்கெனவே விழுந்த வெள்ளைக் கறைக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, நிழலில் வைத்து, துணியால் ஒற்றி, ஓரிரு நிமிடத்தில் நன்றாகக் கழுவிவிடுங்கள். அதற்கும் போகவில்லை என்றால் உப்பு பெயின்டை அரித்துவிட்டது, அதற்குப் பாலிஷ்தான்.

நகத்தால் சுரண்டும் கை

காக்கை எச்சம் காய்ந்திருந்தால் நகம் தானாக அங்கே போகும். போகவிடாதீர்கள். எச்சத்தில் அமிலமும் இருக்கிறது, பறவை தின்ற மண்ணும் விதையும் இருக்கிறது. டிஷ்யூ பேப்பரைத் தண்ணீரில் நனைத்து அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டு வையுங்கள். ஊறியதும் அப்படியே தூக்கி எடுங்கள், தேய்க்க வேண்டாம். ஆனால் எச்சத்தை மட்டும் வாரக் கடைசிவரை விட்டு வைக்காதீர்கள். வெயிலில் ஒரே நாளில் தடம் பதிந்துவிடும்.

மாமரம் பூக்கும் மாதங்களில் அதன் அடியில் நிறுத்திய காரில் தேன்போல் பிசுபிசுப்பு விழும். மரத்தின் பால் என்று நினைப்போம். பெரும்பாலும் அது பூவில் உட்காரும் தத்துப்பூச்சியின் கழிவு. வெதுவெதுப்பான ஷாம்பூத் தண்ணீரில் ஊறவிட்டால் போதும். தார்ப் புள்ளிக்கு மண்ணெண்ணெய் போடும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. தார் கரையும், ஆனால் வாக்ஸும் போகும், பக்கத்து ரப்பர் பீடிங்கும் கெடும். தாருக்கென்றே ரிமூவர் கிடைக்கிறது.

அப்புறம் ஆயுத பூஜை. பானட்டில் வைத்த சந்தனமும் விபூதியும் குங்குமமும் மறுநாள் காலையில் பாறைபோல் காய்ந்திருக்கும். அதை வறண்ட துணியால் தேய்த்தால் கீறலும் விழும், வெள்ளைக் காரில் சிவப்புச் சாயமும் இறங்கும். பூஜை முடிந்த அன்றைக்கே தண்ணீர் தெளித்து ஊறவைத்து எடுங்கள். மாலையை கம்பியால் கட்டாமல் நூலால் கட்டச் சொல்லுங்கள். ஓடும் வண்டியில் அந்தக் கம்பி ஆடி ஆடிப் போட்ட அரை வட்டக் கீறலை உறவினர் ஒருவரின் புதுக் காரில் பார்த்திருக்கிறேன். நெஞ்சு பதறியது.

தூசியோடு கவர் போடுவதும் இப்படித்தான். காற்று கவரை நாள் முழுக்க அசைத்துக்கொண்டே இருக்கும். வெளியே நிற்கும் வண்டிக்குக் கவர் போடுவதென்றால் கழுவிக் காய்ந்த பிறகு போடுங்கள். இல்லையென்றால் போடாமலே விடுங்கள்.

விழுந்துவிட்ட கீறலுக்கு

கீறலைப் போக்கத் தேய்க்கும் பசையான ரப்பிங் காம்பவுண்ட் கீறலை நிரப்புவதில்லை. சுற்றியிருக்கும் கிளியர் கோட்டைத் தேய்த்துக் கீறலின் ஆழத்துக்குக் கொண்டுவருகிறது. அரைத் தாளிலிருந்து ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போகும். வருடத்துக்கு இரண்டு முறை காம்பவுண்ட் போடுவது, பளபளப்பைக் கடன் வாங்கிச் செலவழிப்பதுபோல. பல் துலக்கும் பேஸ்ட்டும் இதே வேலையைத்தான் செய்யும், எவ்வளவு தேய்கிறது என்ற அளவே இல்லாமல். நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் அந்தக் கீறல் பாலிஷுக்கு அடங்காது, வீட்டில் போராட வேண்டாம்.

செராமிக் கோட்டிங் போட்டுவிட்டேன், இனிக் கவலையில்லை என்று நம்புவதும் தவறு. விளம்பரத்தில் வரும் 9ஹெச் என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் அளவுகோல். மணல் பென்சிலைவிட எவ்வளவோ கடினமானது. கோட்டிங் போட்டால் தண்ணீர் நிற்காமல் ஓடும், அழுக்கு சீக்கிரம் இறங்கும், அந்த அளவுக்கு நல்லதுதான். வறண்ட துணியிலிருந்து அது காப்பாற்றாது.

துணிகளைப் பற்றி ஒன்று. மைக்ரோஃபைபரை வீட்டுத் துணியோடு மெஷினில் போட்டால் பருத்திப் பஞ்செல்லாம் அதன் இழையில் ஏறிக்கொள்ளும். வாசனைக்கு ஊற்றும் கண்டிஷனரும் வேண்டாம், இழைகளில் படிந்து தண்ணீர் உறிஞ்சுவதைக் குறைக்கும். தனியாக அலசி, நிழலில், மண் பறக்காத இடத்தில் காயவையுங்கள். கழுவும்போது ஒரு துணி கீழே விழுந்தால், தரை எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும் அன்றைக்கு அதைத் திரும்பப் பெயின்டில் வைக்காதீர்கள். என் வீட்டில் கீழே விழுந்த துணியின் ஓரத்தில் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுவேன். அதிலிருந்து அது சக்கரத் துணி.