சிலிண்டர் சுவருக்குப் போகும் வெப்பத்தை வோஷ்னி சமன்பாட்டில் கணக்கிடும் முறை

கிராங்க் தண்டு சுழலும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு புள்ளியாகப் பதிவான சிலிண்டர் அழுத்தம், போர் (சிலிண்டரின் உள்விட்டம்), ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), அமுக்க விகிதம், உள்ளே அடைபட்ட வாயுவின் நிறை: இவை இருந்தால் தொடங்கலாம்.

முதலில் அழுத்தத்தைச் சரிசெய்யுங்கள். பீசோ சென்சார் மாற்றத்தை மட்டுமே அளக்கும். அதனால் உறிஞ்சல் முடிவில், பிஸ்டன் அடிமட்டத்தில் இருக்கும்போது, இன்டேக் மேனிஃபோல்டு அழுத்தத்தோடு பொருத்தியாக வேண்டும். பிறகு இலட்சிய வாயு விதிப்படி ஒவ்வொரு கோணத்துக்கும் சராசரி வெப்பநிலை எடுக்கலாம்.

வாயுவிலிருந்து சுவருக்கு வெப்பம் எவ்வளவு எளிதாகப் போகிறது என்பதைத் தரும் வோஷ்னி சமன்பாடு இது:

வெப்பக் கடத்தல் கெழு = 3.26 × போர்^−0.2 × அழுத்தம்^0.8 × வெப்பநிலை^−0.55 × வாயு வேகம்^0.8

போர் மீட்டரில், அழுத்தம் கிலோபாஸ்கலில், வெப்பநிலை கெல்வினில், வேகம் மீட்டர்/வினாடியில். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான்: பாஸ்கலில் போட்டால் விடை சுமார் 250 மடங்கு வீங்கும், பாரில் போட்டால் 40-இல் ஒரு பங்காகச் சுருங்கும்.

வாயு வேகம் அமுக்கத்தில் 2.28 × சராசரி பிஸ்டன் வேகம். வால்வு திறந்திருக்கும்போது 2.28-க்குப் பதில் 6.18. எரிப்பு தொடங்கியபின் இன்னோர் உறுப்பைக் கூட்ட வேண்டும்: 0.00324 × பெயர்ச்சிக் கன அளவு (பிஸ்டன் ஒரு ஸ்ட்ரோக்கில் கடக்கும் கன அளவு) × தொடக்க வெப்பநிலை ÷ (தொடக்க அழுத்தம் × தொடக்கக் கன அளவு) × (அழுத்தம் − எரிப்பில்லா அழுத்தம்). தொடக்கம் என்பது இன்டேக் வால்வு மூடும் கணம். எரிப்பில்லா அழுத்தம் என்பது எரிப்பே நடக்காவிட்டால் இருந்திருக்கும் அழுத்தம். அதை அங்கிருந்து, அழுத்தம் × கன அளவு^1.3 மாறாது என்று கொண்டு வருவிக்கலாம்.

போர், ஸ்ட்ரோக் இரண்டும் 86 மிமீ, 3000 ஆர்பிஎம், அமுக்க விகிதம் 10 என்று வைப்போம். பிஸ்டன் வேகம் 8.6, அதனால் முதல் உறுப்பு 19.6. தொடக்கத்தில் 100 கிலோபாஸ்கல், 350 கெல்வின். வால்வு அடிமட்டத்தில் மூடுகிறது. பிஸ்டன் மேல்மட்டத்தைச் சற்றுக் கடந்தபின் அழுத்தம் உச்சம் தொடும்போது அது 5000, எரிப்பில்லா அழுத்தம் 1500 என்றால் இரண்டாம் உறுப்பு 35.7. வாயு 2400 கெல்வினில் இருந்தால் கெழு சுமார் 1660 வாட்/சதுர மீட்டர்·கெல்வின். 450 கெல்வின் சுவருக்கு அது சதுர மீட்டருக்கு 3.2 மெகாவாட். எரிப்பு உறுப்பை மறந்தால் கெழு பாதிக்கும் கீழே போய்விடும்.

சுவர் வெப்பநிலைக்காக மெனக்கெட வேண்டாம்: 20 கெல்வின் தவறினால் உச்சத்தில் விடை ஒரு விழுக்காடுதான் நகரும். சதுர மீட்டருக்கு வந்த வெப்பத்தை பிஸ்டன், ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி), அந்தக் கோணத்தில் திறந்திருக்கும் லைனர் (சிலிண்டரின் உட்சுவர்) ஆகியவற்றின் பரப்பால் தனித்தனியே பெருக்குங்கள். அதை ஒரு டிகிரிக்கான நேரத்தால், அதாவது 1 ÷ (6 × ஆர்பிஎம்) வினாடியால், பெருக்கினால் அந்த டிகிரியில் சுவருக்குப் போன வெப்பம் கிடைக்கும்.

கடைசியாக, சுழற்சியின் மொத்த வெப்ப வெளியீடு (அழுத்தப் பதிவிலிருந்து கணக்கிட்டது, சுவருக்குப் போனதையும் சேர்த்து), எரிபொருள் ஆற்றலில் உண்மையில் எரிந்த பங்குக்குச் சமமாகும் வரை கெழுவை ஒரே எண்ணால் பெருக்கிச் சரிகட்டுங்கள். அந்த எண் 2-ஐத் தொட்டால் சமன்பாட்டைக் குறை சொல்லாமல் வாயு நிறையையும் மேல்மட்டக் கோணத்தையும் (பிஸ்டன் மிக மேலே இருக்கும் கோணம்) மறுபடி பாருங்கள். தீப்பொறி இல்லாமல், அமுக்கத்தாலேயே கலவை முழுவதும் தானே பற்றிக்கொள்ளும் ஹெச்சிசிஐ இன்ஜின் மட்டும் விதிவிலக்கு. அங்கே எரிப்பு உறுப்பு மிகைப்படுத்துவதால் 0.00324-ஐ ஆறில் ஒரு பங்காகக் குறைத்த வடிவமே பொருந்தும்.