அமெரிக்காவுல பேப்பர் இல்லாம வேலை பாக்குறீங்களா? சம்பளம், டாக்ஸ், அரசு உதவி பத்தி தெரிஞ்சுக்க வேண்டியது

பேப்பர் இல்லன்னா எதையும் கேக்க முடியாது, கொடுக்குறத வாங்கிக்கிட்டு கம்முன்னு இருக்கணும்னு நம்ம ஆளுங்க நிறைய பேரு நினைக்கிறாங்க. இன்னொரு பக்கம், ஐடிஐஎன்னுங்குற டாக்ஸ் நம்பர் எடுத்துக் கொடுக்குறேன், அது வந்துட்டா எல்லாம் சரியாயிடும்னு சொல்லி காசு கறக்குற ஏஜென்ட்டுங்க. ரெண்டுமே தப்பு. இந்த விஷயத்துல மூணு தனித்தனி சட்டம் இருக்கு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கேள்வி கேக்குது. லேபர் சட்டம் வேலை செஞ்சீங்களான்னு கேக்கும். டாக்ஸ் சட்டம் சம்பாதிச்சீங்களான்னு கேக்கும். அரசு உதவின்னு வரும்போதுதான் உங்க ஸ்டேட்டஸ் என்னங்குற கேள்வியே பெருசா வருது. இது பிடிபட்டுட்டா மிச்சம் எல்லாம் தானா புரியும்.

இங்க சொல்றது விசா முடிஞ்சும் தங்கிட்டவங்க, பார்டர் வழியா வந்தவங்க, கேஸ் தோத்தவங்க மாதிரி ஒர்க் பர்மிட் இல்லாதவங்களுக்கு. அசைலம் (அடைக்கலம்) போட்டு ஒர்க் பர்மிட் கையில இருக்குன்னா உங்களுக்கு சோஷியல் செக்யூரிட்டி நம்பரே (எஸ்எஸ்என்) கிடைக்கும், டாக்ஸ் பகுதியில பாதி உங்களுக்கு பொருந்தாது.

மொதல்ல சம்பளம். 1938ல வந்த ஃபேர் லேபர் ஸ்டாண்டர்ட்ஸ் ஆக்ட்னு ஒரு சட்டம், அதுதான் மினிமம் வேஜ், ஓவர்டைம் ரெண்டுக்கும் அடிப்படை. அதுல பேப்பர் இருக்கறவங்களுக்கு மட்டும்னு எங்கயும் கிடையாது. ஃபெடரல் மினிமம் மணிக்கு 7.25 டாலர், 2009ல இருந்து ஒரு சென்ட் ஏறல. டெக்ஸாஸ்ல இன்னும் அதுதான். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி மாதிரி இடங்கள்ல மாநில ரேட் இதவிட ரெண்டு மடங்குக்கு மேல இருக்கு, எது அதிகமோ அதத்தான் கொடுக்கணும். வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல போனா ஒண்ணரை மடங்கு.

கேஷ்ல கொடுக்குற ஓனர் நிறைய பேரு இந்த ஒண்ணரை மடங்கதான் விழுங்குறாங்க. ஒரு கணக்கு பாருங்க. மணிக்கு 10 டாலர்னு பேசி ரெஸ்டாரன்ட் கிச்சன்ல வாரத்துக்கு 60 மணி நேரம் வேலை, வாரக்கடைசில 600 டாலர் கவர்ல போட்டு கைல கொடுக்குறாரு, பாக்க சரியாதான் இருக்கும். ஆனா சட்டப்படி 40 மணிக்கு 400, மிச்ச 20 மணிக்கு 15 டாலர் வீதம் 300, ஆக 700 வரணும். வாரத்துக்கு 100 டாலர் போகுது, வருஷம் முழுக்க பாத்தா 5,200. கேஸ் ஜெயிச்சா பல நேரம் அதே அளவு தொகைய நஷ்டஈடா சேத்து கொடுக்க சொல்லுவாங்க, அப்போ அது 10,400 ஆகுது.

மோட்டல்ல வேலை பாக்குறவங்களுக்கு இன்னொரு தொல்லை, ரூம் கொடுத்துட்டு சம்பளத்துல கழிக்கிறது. தங்குற இடத்துக்கு கழிக்க சட்டத்துல வழி இருக்கு, ஆனா நியாயமான செலவுக்குதான், அதுக்கும் கணக்கு வெச்சிருக்கணும். ராத்திரி மணி அடிச்சா எழுந்து வந்து சாவி கொடுக்கணும்னு ஓனரோட வசதிக்காகவே அங்க உங்கள தங்க வெச்சிருந்தா அத உங்க சம்பளத்துல கழிக்கிறது எடுபடாது.

அப்போ என்ன பண்றது? மொத வேலை, ஒரு சின்ன நோட்டு. தேதி, எத்தனை மணிக்கு உள்ள போனீங்க, எப்போ வெளிய வந்தீங்க, சாப்பிட எவ்ளோ நேரம் விட்டாங்க, எவ்ளோ காசு யாரு கையால வந்துச்சு. தினமும் அன்னிக்கே எழுதுங்க, மாசக்கடைசில உக்காந்து ஞாபகப்படுத்தி எழுதுனா லேபர் ஆபீஸ்ல அதுக்கு மதிப்பு கம்மி. செவுத்துல ஒட்டியிருக்குற ஷிப்ட் சார்ட்ட ஃபோட்டோ எடுங்க. "நாளைக்கு 10க்கு வந்துடு, க்ளோசிங் வரைக்கும் இரு"ன்னு ஓனர் வாட்ஸ்அப்ல போட்ட மெசேஜ அழிக்காதீங்க, அதுக்கு மேல சாட்சி வேணாம். மணிக்கணக்கு எழுதி வைக்க வேண்டியது உண்மையில முதலாளியோட கடமை, அவரு எழுதி வைக்கலன்னா உங்க நோட்டுக்கு வெயிட்டு கூடும்.

அப்புறம் கம்ப்ளெய்ன்ட். டிபார்ட்மென்ட் ஆஃப் லேபர்ல வேஜ் அண்ட் அவர் டிவிஷன்னு இருக்கு, நம்பர் 1-866-487-9243. தமிழ் இன்டர்பிரட்டர் வேணும்னு கேளுங்க, காசு கிடையாது. கம்ப்ளெய்ன்ட் பண்ணவங்க பேர ரகசியமா வெச்சிருப்பாங்க. மாநில லேபர் ஆபீஸ்லயும் போடலாம், பல நேரம் அதுதான் லாபம், ஏன்னா ஃபெடரல் சட்டத்துல பின்னாடி 2 வருஷம்தான் போக முடியும், வேணும்னே ஏமாத்துனாங்கன்னு நிரூபிச்சா 3. நியூயார்க் மாநில சட்டத்துல 6 வருஷம். அதனால வேலைய விட்டப்புறம் பாத்துக்கலாம்னு ஆறப்போடாதீங்க, ஒவ்வொரு வாரம் போக போக பழைய வாரம் ஒண்ணு கணக்குல இருந்து கழண்டுக்கும்.

"வாய திறந்த, ஐஸுக்கு ஃபோன் பண்ணிடுவேன்"னு (ஐஸ்னா இமிக்ரேஷன் போலீஸ்) மிரட்டுறது தனி குத்தம். சம்பளம் கேட்டதுக்காக பழிவாங்குறத அதே 1938 சட்டம் தடுக்குது, கலிஃபோர்னியால ஸ்டேட்டஸ வெச்சு மிரட்டுறதுக்குனே தனி சட்டம் இருக்கு. ஆனா சட்டம் இருக்குங்குறது ஒரு பக்கம், இன்னிக்கு நிலவரத்துல பயமும் நியாயமானதுதான், அத நான் லேசா சொல்ல மாட்டேன். ரிமூவல் ஆர்டர் (நாட்ட விட்டு அனுப்புற உத்தரவு) ஏற்கெனவே உங்க மேல இருந்தா கம்ப்ளெய்ன்ட் போடுறதுக்கு முன்னாடி ஒரு லீகல் எய்ட் (இலவச சட்ட உதவி) வக்கீல்கிட்ட பேசிட்டு போடுங்க.

இதுல ஒரு எல்லை உண்டு. 2002ல சுப்ரீம் கோர்ட் ஹாஃப்மன் பிளாஸ்டிக் கேஸ்ல ஒரு தீர்ப்பு கொடுத்துச்சு. யூனியன் வேலைல இறங்குனதுக்காக சட்டவிரோதமா தூக்கிட்டாங்கன்னு வெச்சுக்கங்க, தூக்குனதுக்கு அப்புறம் வேலை பாக்காம இருந்த நாட்களுக்கு பேப்பர் இல்லாதவங்களுக்கு பேக் பே (விட்டுப்போன சம்பளம்) கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. இந்த தீர்ப்ப காட்டி ஓனரோட வக்கீலுங்க "உனக்கு ஒண்ணும் வராது"ன்னு பூச்சாண்டி காட்டுவாங்க, நம்பாதீங்க, ஏற்கெனவே செஞ்ச வேலைக்கான கூலி வேற விஷயம், அது வந்தே ஆகணும். வேலைல அடிபட்டாலும் பெரும்பாலான மாநிலங்கள்ல ஒர்க்கர்ஸ் காம்ப்னு சொல்ற நஷ்டஈடு உங்களுக்கும் உண்டு.

டாக்ஸுக்கு போறதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை. வேலைக்கு சேரும்போது வேலை பாக்க அனுமதி இருக்கான்னு பாக்குற ஐ-9 ஃபார்ம் கொடுப்பாங்க. அதுல "யூ.எஸ். சிட்டிசன்"ங்குற கட்டத்துல டிக் போட்டுடாதீங்க. யாரு சொன்னாலும் சரி. பொய்யா சிட்டிசன்னு சொல்லிட்டா பின்னாடி அமெரிக்கரையே கல்யாணம் பண்ணாலும் கிரீன் கார்டு கதவு கிட்டத்தட்ட நிரந்தரமா மூடிடும், அதுக்கு மன்னிப்பு வாங்குற வழியும் இல்லாத மாதிரிதான். காசு கொடுத்து வாங்குன போலி நம்பரும் கிரிமினல் சிக்கல்ல கொண்டு போய் விடும்.

இப்போ டாக்ஸ். பேப்பர் இல்லாதவங்க டாக்ஸ் கட்டுறதில்லன்னு டிவில கத்துவாங்க, ஐடிஇபிங்குற ஆய்வு நிறுவனம் போட்ட கணக்குப்படி 2022ல அவங்க கட்டுன மொத்த வரி 96.7 பில்லியன் டாலர், அதுல 25.7 பில்லியன் சோஷியல் செக்யூரிட்டிக்கு போச்சு, அந்த பென்ஷன் அவங்களுக்கு வரப்போறதில்ல. சரி, அது அரசியல், விடுங்க.

எஸ்எஸ்என் வாங்க முடியாதவங்க டாக்ஸ் ஃபைல் பண்றதுக்குன்னே 1996ல ஐஆர்எஸ், அதாவது ஃபெடரல் வரித்துறை, கொண்டு வந்ததுதான் ஐடிஐஎன். 9 இலக்கம், 9லதான் ஆரம்பிக்கும். டபிள்யூ-7 ஃபார்ம நிரப்பி, டாக்ஸ் ரிட்டர்னோட சேத்து, பாஸ்போர்ட்டோட அனுப்பணும். அடையாளம், வெளிநாட்டுக்காரங்குறது ரெண்டுக்கும் சேத்து தனியா நிக்குற ஒரே டாக்குமென்ட் பாஸ்போர்ட்தான், சும்மா ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினா செல்லாது. ஒரிஜினல தபால்ல அனுப்ப மனசு வராது, எனக்கும் வராது, அதுக்குதான் சர்ட்டிஃபைடு அக்செப்டன்ஸ் ஏஜென்ட்னு ஐஆர்எஸ் அங்கீகாரம் கொடுத்த ஆளுங்க இருக்காங்க, அவங்க பாஸ்போர்ட்ட பாத்து சரிபாத்துட்டு உங்க கைலயே திருப்பி கொடுத்துடுவாங்க. நம்பர் வர 7 வாரம் ஆகும், டாக்ஸ் சீசன்ல 9ல இருந்து 11. மூணு வருஷம் தொடர்ந்து ரிட்டர்ன்ல அந்த நம்பர உபயோகிக்கலன்னா காலாவதி. அது ஒர்க் பர்மிட் கிடையாது, லீகல் ஸ்டேட்டஸ் கிடையாது, டாக்ஸ் நம்பர், அவ்ளோதான்.

வருஷத்துல பாதிக்கு மேல இங்கயே இருந்தா டாக்ஸ் கணக்குல நீங்க ரெசிடென்ட், ஸ்டேட்டஸ் என்னவா இருந்தாலும். அப்போ 1040ங்குற ரிட்டர்ன் ஃபார்ம்தான் போடணும், ஊர்ல வீட்டு வாடகை வந்தா அதையும் காட்டணும். ஊர்ல இருக்குற பேங்க் அக்கவுண்ட் எல்லாம் சேத்து வருஷத்துல எப்பவாவது 10,000 டாலர தாண்டுனா எஃப்பார்னு தனி ரிப்போர்ட் இருக்கு, இத நம்ம ஆளுங்க சுத்தமா மறந்துடுறாங்க.

கேஷ் வாங்குறவங்க, 1099 ஃபார்ம் (காண்ட்ராக்டருக்கு கொடுக்குறது) வாங்குறவங்க ஓனர் கணக்குல "சுயதொழில்". செலவு போக 400 டாலர் நின்னாலே ஃபைல் பண்ணணும். செல்ஃப் எம்ப்ளாய்மென்ட் டாக்ஸ் 15.3 சதவீதம், அதுதான் கடிக்கும். 2025 வருஷத்துக்கு தனி ஆளா செலவு போக 20,000 டாலர் சம்பாதிச்சா வருமான வரி இருநூறு சொச்சம்தான், ஆனா இந்த டாக்ஸ் மட்டும் 2,826 கிட்ட வரும். டபிள்யூ-2ல, அதாவது சம்பள ஆளா, இருந்திருந்தா அதுல பாதி ஓனர் கட்டணும். எப்போ வரணும், என்ன பண்ணணும், எப்படி பண்ணணும்னு எல்லாத்தையும் அவரே சொல்றாருன்னா நீங்க 1099 ஆளே கிடையாது, தொழிலாளி, அவரு அவரோட பங்க உங்க தலைல கட்டுறாரு. அதுவும் கம்ப்ளெய்ன்ட் போடுற விஷயம்தான்.

திரும்ப கிடைக்குற காசு பத்தி. எர்ன்டு இன்கம் கிரெடிட் (கம்மி சம்பளக்காரங்களுக்கு வர்ற வரிச்சலுகை) ஐடிஐஎன் வெச்சு கிடையவே கிடையாது. சைல்டு டாக்ஸ் கிரெடிட்டுக்கு முன்னாடி பிள்ளைக்கு எஸ்எஸ்என் இருந்தா போதும், 2025 ஜூலைல வந்த சட்டம் அத மாத்தி அப்பா அம்மால ஒருத்தருக்காவது எஸ்எஸ்என் இருக்கணும்னு ஆக்கிடுச்சு. இங்க பொறந்த பிள்ளைய வெச்சுக்கிட்டு ரெண்டு பேருமே ஐடிஐஎன்ல இருக்குற குடும்பத்துக்கு இது பெரிய அடி. "நான் எடுத்து தரேன்"னு எவனாவது இதெல்லாம் போட்டு ரீஃபண்ட் காட்டுனா அவனுக்கு ஃபீஸ் போகும், பின்னாடி நோட்டீஸ் உங்க பேருக்கு வரும். ரிட்டர்ன்ல தன் கையெழுத்தும் பிடிஐஎன் நம்பரும் (டாக்ஸ் போட்டுக் கொடுக்குறவங்களுக்கு ஐஆர்எஸ் தர்ற நம்பர்) போட மாட்டேங்குறவன்கிட்ட போகவே போகாதீங்க. கலிஃபோர்னியா, கொலராடோ மாதிரி சில மாநிலங்கள்ல மாநில எர்ன்டு இன்கம் கிரெடிட் ஐடிஐஎன் இருக்கறவங்களுக்கும் உண்டு.

ஃபைல் பண்ணா ஐஸுக்கு தெரிஞ்சிடுமாங்குறதுதான் எல்லாரும் கேக்குற கேள்வி. டாக்ஸ் தகவல் ரகசியம்னு சட்டம் இருக்கு. ஆனா 2025 ஏப்ரல்ல ஐஆர்எஸ்ஸும் ஐஸும் விலாசத்த பகிர ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, அது மேல வழக்குகள் வந்துச்சு, அதே வருஷம் நவம்பர்ல ஒரு ஃபெடரல் நீதிபதி தடையும் போட்டாங்க, கதை இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு. ஃபைல் பண்ணாம இருக்குறதும் தப்புதான், பின்னாடி கோர்ட்ல ஒழுங்கா வாழ்ந்தவன்னு காட்ட டாக்ஸ் பேப்பர் பெரிய பலம். என் அபிப்ராயம், ஏற்கெனவே வருஷா வருஷம் பண்றவங்க நிறுத்துறதுல லாபம் கம்மி, உங்க விலாசம் அங்க இருக்கு. முதல் முறை பண்றவங்க, அதுவும் ரிமூவல் ஆர்டர் இருக்கறவங்க, இமிக்ரேஷன் வக்கீல கேக்காம அனுப்பாதீங்க.

கடைசியா அரசு உதவி, இங்கதான் கதவு சாத்தியிருக்கு. 1996 வெல்ஃபேர் சட்டத்துக்கு அப்புறம் ஃபுட் ஸ்டாம்ப், சாதாரண மெடிகெய்ட் (வருமானம் கம்மியானவங்களுக்கான மருத்துவ காப்பீடு), எஸ்எஸ்ஐ (வயசானவங்க, மாற்றுத்திறனாளிங்களுக்கான மாச உதவி), கேஷ் உதவி எதுவும் கிடையாது. ஒபாமாகேர்ங்குற அரசு இன்சூரன்ஸ் மார்க்கெட்ல முழு காசு கொடுத்தாகூட இன்சூரன்ஸ் வாங்க முடியாது. வேலை போனா அன்எம்ப்ளாய்மென்ட்டும் கிடையாது.

கிடைக்குறது என்னன்னா, உயிருக்கு ஆபத்துன்னா எமர்ஜென்சி ரூம், காசு இருக்கா பேப்பர் இருக்கான்னு பாத்து திருப்பி அனுப்பக் கூடாதுன்னு 1986ல இருந்து சட்டம். வருமானம் கம்மின்னா அந்த பில்லுக்கு எமர்ஜென்சி மெடிகெய்ட் கேக்கலாம், பிரசவமும் அதுல வரும். பில் பெருசா வந்தா பயந்து கிரெடிட் கார்டுல கட்டிடாதீங்க, லாபநோக்கம் இல்லாத ஆஸ்பத்திரி எல்லாத்துலயும் ஃபைனான்ஷியல் அசிஸ்டன்ஸ் பாலிசி இருந்தே ஆகணும், பில்லிங் ஆபீஸ்ல அந்த ஃபார்ம கேட்டு வாங்குங்க, அவங்களா நீட்ட மாட்டாங்க. கர்ப்பிணிகளுக்கும் 5 வயசுக்கு கீழ பிள்ளைங்களுக்கும் விக்னு சொல்ற சத்துணவு உதவி, தடுப்பூசி, ஸ்கூல் சாப்பாடு எல்லாம் உண்டு. 1982ல சுப்ரீம் கோர்ட் கொடுத்த பிளைலர் தீர்ப்புனால 12ஆம் வகுப்பு வரைக்கும் பப்ளிக் ஸ்கூல்ல சேக்க மாட்டேன்னு சொல்ல முடியாது.

பிள்ளை இங்க பொறந்திருந்தா அது சிட்டிசன், அதுக்கு ஃபுட் ஸ்டாம்ப், மெடிகெய்ட் உரிமை உண்டு. ஃபார்ம்ல பிள்ளைக்கு மட்டும் கேக்குறேன், எனக்கு கேக்கலன்னு தெளிவா எழுதுங்க, அப்போ உங்க எஸ்எஸ்என்ன கொடுக்கணும்னு இல்ல, வருமானம் மட்டும் காட்டணும். ஆனா இதையும் சொல்லியாகணும், 2025 ஜூன்ல சில மாநிலங்களோட மெடிகெய்ட் தகவல ஐஸ் இருக்குற துறையான ஹோம்லேண்ட் செக்யூரிட்டிக்கு கொடுத்துட்டாங்க, அது மேல மாநிலங்கள் கோர்ட்டுக்கு போயிருக்கு. மாநில உதவியும் சுருங்குது. கலிஃபோர்னியா 2024ல பேப்பர் இல்லாத எல்லா வயசுக்காரங்களுக்கும் மெடி-கால் (அந்த மாநிலத்தோட மெடிகெய்ட்) திறந்துச்சு, 2026 ஜனவரில இருந்து பெரியவங்கள புதுசா சேக்குறத நிறுத்திடுச்சு, ஏற்கெனவே உள்ள இருக்கறவங்க ரினீவல் தேதிய விட்டுடாதீங்க, விட்டா திரும்ப நுழையுறது கஷ்டம்.

ஊருக்கு காசு அனுப்புறவங்களுக்கு ஒண்ணு. 2026 ஜனவரி 1ல இருந்து கேஷ், மணி ஆர்டர், கேஷியர்ஸ் செக் கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புனா 1 சதவீதம் வரி, 500 டாலருக்கு 5 டாலர். பேங்க் அக்கவுண்ட்ல இருந்தோ அமெரிக்க டெபிட் கார்டுலயோ அனுப்புனா அந்த வரி இல்ல. பாஸ்போர்ட்டும் ஐடிஐஎன்னும் வெச்சு அக்கவுண்ட் திறக்க விடுற பேங்க், கிரெடிட் யூனியன் நிறைய இருக்கு, மொதல்ல ஃபோன் பண்ணி கேட்டுட்டு போங்க.