லாருட் மலைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

"தோட்டத்துல பொறந்தவனுக்கு மலை என்ன புதுசா?" மலேசியாவின் பேராக் மாநிலத்தில், செலாமாவிலிருந்து தைப்பிங் புறப்படும் எங்கள் வேனில் இந்தப் பேச்சு கட்டாயம் எழும். முதல் தவறே அதுதான். நமக்குப் பழக்கம் கித்தாக்காட்டு, அதாவது ரப்பர் தோட்டத்து மேடுபள்ளம். தைப்பிங்கில் உள்ள லாருட் மலை, மலாயில் புக்கிட் லாருட், சுமார் 1,250 மீட்டர்.

1884-ல் வெள்ளைக்காரத் துரைமார் வெயிலுக்கு ஒதுங்க உண்டாக்கிய இடம். பேராக்கின் துணை ரெசிடெண்டாக (பிரிட்டிஷ் அதிகாரி) இருந்த மெக்ஸ்வெல் பெயரில் இருந்தது, 1979-ல் புக்கிட் லாருட் ஆனது. பாதி வழியில் ஒரு காலத்தில் தேயிலை போட்டிருந்தார்கள். இன்று 'டீ கார்டன்' என்ற பெயர்தான் மிச்சம். அதோடு திரும்பினாலும் குறைச்சல் இல்லை.

சாவகாசமாகப் பசியாறிவிட்டுப் பத்து மணிக்கு வருகிறவர்களே அதிகம். தைப்பிங் மலேசியத் தீபகற்பத்தின் மழை ஊர். ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர். இன்று எத்தனை மணிக்கு மழை என்று பந்தயம் கட்டிய ஊராம். மலாக்கா நீரிணைப் பக்கத்து ஈரக்காற்று மலையில் மோதி, மேலேறிக் குளிர்ந்து, பெரும்பாலும் மதியத்துக்கு மேல் கொட்டும். ஏழு மணிக்கே ஏறுங்கள். நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம் வழிக்குப் போதும்.

உயிருக்கு உலை வைக்கும் தவறு அடிவாரத்து ஆற்றில் நடக்கிறது. இங்கே வெயில்தானே என்று பிள்ளைகளை இறக்கிவிடுகிறார்கள். மேலே பெய்தால் போதும், கெப்பாலா ஆயிர், அதாவது மலையிலிருந்து பாயும் திடீர் வெள்ளம் வந்துவிடும். சொல்லாமல் வரும் என்பார்கள். கவனித்தால் பல நேரம் சொல்லிக்கொண்டுதான் வருகிறது. தெளிந்த தண்ணீர் திடீரென்று தே தாரிக் (பால் தேநீர்) நிறமாகும். சருகும் குச்சியும் மிதந்து வரும். லாரி வருவதுபோல் மேலே இரைச்சல் கேட்கும். இதில் ஒன்றைக் கண்டாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறுங்கள், ஆற்றோரமாக ஓடாதீர்கள். எங்கள் சித்தி பிரியாணிச் சட்டிக்காகத் திரும்பினார். மாமா கையைப் பிடித்து இழுத்ததால் சட்டியோடு போயிற்று.

காலுக்கு, பால்மரம் சீவுகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்து, அதாங்க 'அடிடாஸ் கம்போங்', பாசியில் நன்றாகப் பிடிக்கும். அட்டை கடித்தால் உப்போ நெருப்போ வைக்காதீர்கள். வயிற்றில் உள்ளதைக் காயத்திலேயே கக்கிவிடும். நகத்தால் வாய்ப்பக்கம் நெம்பி எடுங்கள்.

மலைக்கு ஏற்றிப்போகும் ஜீப்பை நம்பி வயதானவர்களை அழைத்து வருமுன் விசாரியுங்கள். மண் சரிந்தால் சாலையை மூடிவிடுவார்கள். ஒருமுறை எங்கள் பாட்டி கேட்டுக்கு வெளியே வேனில் உட்கார்ந்து முறுக்கு தின்றுவிட்டு வீடு திரும்பினார்.